ஒரே அளவுகோல்

சென்ற திங்கள் நம் தமிழ் மன்றத்தின் செயற்குழு கூடியபோது நான் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். ஆண்டுதோறும் மே 18-ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக நாம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துகிறோம். இவ்வாண்டு அதே கூட்டத்தில் காஸாவில் மாண்ட பாலஸ்தீன மக்களையும் நினைவுகூர்வோம் என்பதே அவ்வேண்டுகோள். ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிடும் என்று எண்ணினேன். ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்தது. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துக் கலைந்தோம்.

அன்று எழுந்த மறுப்புகள் மூன்று. முதல் நண்பர், "எங்கோ கிடக்கும் காஸாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? ஊர் வம்பை விலைக்கு வாங்குவானேன்?" என்றார். இரண்டாம் நண்பர் சற்றுச் சினத்தோடு பேசினார். "ராஜபக்சவுக்கு விருது கொடுத்தவர்கள் பாலஸ்தீனத் தலைவர்கள். நம் பிணங்களுக்காக அழாதவர்களுக்கு நாம் ஏன் அழவேண்டும்?" என்றார். மூன்றாமவர் நம் மன்றத்தின் முஸ்லிம் தோழர். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "காஸாவுக்காக நிற்க எனக்குத் தடையில்லை, முள்ளிவாய்க்காலுக்காகவும் ஆண்டுதோறும் நின்றிருக்கிறேன். ஆனால் நம் மேடையில் காத்தான்குடியைப் பற்றி ஒருவரேனும் ஒரு சொல் சொன்னதுண்டா?" என்று கேட்டார்.

முதலிருவர்க்கும் ஏதோ விடை கூறினேன். மூன்றாமவர்க்கு விடை கூற என்னால் இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அவ்விடையைத் தேடி எழுதியதே இக்கட்டுரை.

நான் சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தவர். ஆச்சி அவர் பின்னே வந்தவர். அவர்கள் குடியேறிய இடம் ஜனதா காலனி. நகரத்துக்குள் இருந்த ஏழைகளை அகற்றி, மான்கூர்டுப் பக்கத்து ஒதுக்குப்புறத்தில் குடிவைத்த இடம் அது. அம்மக்கள் தம் கையாலேயே அதை ஊராக்கினார்கள். பக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. அதன் தேவைக்கு அந்நிலம் வேண்டும் என்று கூறப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர் மக்களைத் திரட்டி, நீதிமன்றம் என்றும் தில்லி என்றும் அலைந்து போராடினார். அதற்குள் நெருக்கடி நிலை வந்துவிட்டது. 1976-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 பேர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்து விடப்பட்ட திராம்பேச் சதுப்புதான் இன்றைய சீத்தா கேம்ப்.

அந்நாளைப் பற்றி ஆச்சி இன்றும் கூறுவார். "அம்மியைத் தூக்கிட்டு வந்தேன், குழவியை மறந்துட்டேன்." அடுத்த குடிசையில் வந்து இறங்கிய முஸ்லிம் அம்மையாரிடம் குழவி இருந்தது, அம்மி இல்லை. இருவரும் வெகு நாள் ஒரே அம்மியில் அரைத்தார்கள். எங்கள் தெருவில் சிறியவர் பெரியவர் எல்லோரும் அந்த அம்மையாரை "உம்மா" என்றே அழைப்போம்.

இதைச் சொல்வதால், சீத்தா கேம்ப்பும் காஸாவும் ஒன்று என்று நான் கூறுவதாக யாரும் எண்ண வேண்டா. எங்கள் மேல் குண்டு விழவில்லை. எங்களுக்கு மாற்றிடம் ஒன்று காட்டினார்கள். அது சேறாயினும் இடமே. அந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் ஒன்றை மட்டும் எங்கள் வீட்டார் நன்கு அறிவர்: "எழுந்து போ" என்னும் ஆணையின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று, வட காஸாவில் இருந்த பதினொரு லட்சம் மக்கள் 24 மணி நேரத்துக்குள் தெற்கே போய்விட வேண்டும் என்று இஸ்ரேல் இராணுவம் ஆணையிட்டது. உம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் அச்செய்தியைப் பார்த்த ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போ, போன்னு சொல்லுதாவளே, அந்தச் சனம் எங்கன போகும்?"

நாடுகளின் தூதர்களும் சட்ட வல்லுநர்களும் ஆயிரம் பக்கங்களில் எழுதிய கேள்வியும் இதுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி அதை ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

போருக்கு முன் எச்சரிக்கை செய்வது புதிய வழக்கம் அன்று. தமிழ் படித்தவர்கள் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை அறிவார்கள். பாடியவர் நெட்டிமையார், பாடப்பெற்றவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. அம்பு விடுமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளைப்பேறு இல்லாதாரும் அரண் தேடிக் கொள்ளுமாறு அறிவித்துப் போர் தொடுப்பவன் என்று அம்மன்னன் புகழப்படுகிறான். தமிழர் போரறம் என்று நம் மேடைகளில் இதனை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆனால் ஆறு பாட்டுகள் தள்ளிப் பதினைந்தாம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். அதே புலவர், அதே மன்னன். அங்கே அவன் பகைவர் அரண்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்படுத்துகிறான், அதற்காகவும் புகழப்படுகிறான்.

என் முன்னோரை இகழ இதனைக் கூறவில்லை. எச்சரிக்கை ஒன்று மட்டுமே அறமாகிவிடாது என்பதற்குக் கூறுகிறேன். போய் ஒதுங்க இடம் இருந்தால்தான் எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு. காஸாவின் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். நம் பெருநகர் மும்பையைவிடச் சிறியது. அதற்குள் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர். ஒருபுறம் கடல், மறுபுறங்களில் அடைத்த எல்லை. தாதரிலும் குர்லாவிலும் அந்தேரியிலும் இருப்பவர்கள் நாளை விடிவதற்குள் செம்பூருக்குப் போகவேண்டும், செம்பூரில் இருப்பவர்கள் பின்னர்த் திராம்பேக்குப் போகவேண்டும், திராம்பேக்குப் பின் கடல்தான் என்று ஆணையிட்டால் அதற்குப் பெயர் எச்சரிக்கையா? அல்-மவாஸி என்னும் மணற்கரையைப் பாதுகாப்பிடம் என்று அறிவித்தார்கள். கூடாரம் போட்டு அங்கே ஒதுங்கியவர்கள் மேலும் குண்டு விழுந்தது.

தோழர்களே, "பாதுகாப்பு வலயம்" என்னும் சொல்லை நாம் இதற்கு முன் எங்கே கேட்டோம்? 2009-ஆம் ஆண்டில் எனக்கு வயது ஆறு. சோற்றுத் தட்டைத் தொடாமல் தந்தையார் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்ததும், உம்மா வந்து எங்கள் வாசற்படியில் அமர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் நினைவில் இருக்கின்றன. என்ன நடந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்து அறிந்தேன்.

2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர்களும் வெளிநாட்டு உதவி நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேற இலங்கை அரசு பணித்தது. பார்ப்பதற்குச் சாட்சி இல்லாமற் போயிற்று. 2009 சனவரியில் ஒரு நிலப்பரப்பைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தனர். மக்கள் அங்கே குவிந்தார்கள். எறிகணைகள் அங்கேயும் விழுந்தன. பிப்ரவரியில் கடலோரத்து மணல் துண்டு வலயமாயிற்று. மே மாதம் அதுவும் சுருங்கிற்று. புதுக்குடியிருப்பு மருத்துவமனை அடுத்தடுத்துத் தாக்கப்பட்டது. வலயத்துக்குள் இருந்தவர்களின் தொகையை அரசு மிகக் குறைத்துக் கூறியதால் அவர்களுக்குப் போன உணவும் மருந்தும் மிகக் குறைவு. இவையனைத்துக்கும் அரசு சூட்டிய பெயர் "மனிதாபிமான நடவடிக்கை". மக்களை வெளியேற விடாமல் தடுத்தும், தப்பி ஓடியவர்களைச் சுட்டும் விடுதலைப் புலிகளும் அக்கொடுமையில் பங்கு கொண்டார்கள் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தெரிவித்தது. இந்த இரண்டாம் பகுதியை நம் கூட்டங்களில் நாம் வாசிப்பதில்லை.

இப்போது காஸாவைப் பாருங்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தம் விருப்பப்படி உள்ளே செல்ல இஸ்ரேல் இடம் தரவில்லை. பாதுகாப்பிடம் என்று காட்டிய இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அல்-ஷிஃபா மருத்துவமனை படை நடவடிக்கையால் பாழாயிற்று. உணவு வண்டிகள் எல்லையில் நின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுகிறது என்று ஐ.நா. அமைப்புகள் ஏற்கும் உணவுநிலை ஆய்வுக் குழு அறிவித்தது. வன்னியை அறிந்தவனுக்கு இதில் ஏதேனும் புதிதா? ஒரே பாடத்தை இரு வகுப்பில் நடத்தியது போல் இருக்கிறது.

2023 அக்டோபர் 7-ஐ மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. ஹமாஸும் அதனோடு சேர்ந்தோரும் அன்று இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். ஏறத்தாழ 250 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் குடிமக்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தனர். அது கொடுமை. அக்கொடுமையை இழைத்தவனைத் தேடுவது வேறு. அவன் பிறந்த மண்ணில் பிறந்த குழந்தைகள் எல்லோரையும் அதற்காகப் பட்டினி போடுவது வேறு. முதலது நீதியின்பாற்படும், இரண்டாவதற்கு எந்த மொழியிலும் நீதி என்று பெயரில்லை.

விஞ்ஞானம் பயிலும் எனக்கு ஒரு செய்தி மிகவும் உறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் நான் ஓர் அளவை எடுத்தால் அதனோடு பிழையின் எல்லையையும் எழுத வேண்டும். பிழை மிகுதியானால் பேராசிரியர் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வன்னியில் மாண்ட குடிமக்கள் எத்தனை பேர்? போரின்போது ஐ.நா. ஊழியர்கள் தமக்குள் வைத்திருந்த கணக்கு 2009 மே 13 வரை 7,721. அதை அப்போது உலகுக்கு வெளியிடவில்லை. 2011-இன் நிபுணர் குழு, 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012-இல் ஐ.நா. தன் செயலைத் தானே ஆராய்ந்தபோது, கணக்கில் வராதவர்கள் 70,000-க்கு மேல் என்னும் தகவலைக் குறிப்பிட்டது. ஏழாயிரம் எங்கே, எழுபதாயிரம் எங்கே! இந்த இடைவெளிக்குள் கிடப்பவை வெறும் இலக்கங்களல்ல. ஒவ்வொன்றும் ஒரு தாய், ஒரு தம்பி, ஒரு பள்ளிப் பை. அவர்கள் முதலில் உயிரை இழந்தார்கள். பிறகு எண்ணிக்கையில் இருந்த இடத்தையும் இழந்தார்கள்.

காஸாவில் நலத்துறை பெயரும் வயதும் குறித்துப் பட்டியல் வெளியிட்டது. 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோது மாண்டவர் தொகை 67,000-ஐத் தாண்டியிருந்தது. அவர்களுள் 18,000-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். போராளி யார், குடிமகன் யார் என்று அத்தொகை பிரித்துக் காட்டவில்லை. இடிபாட்டுக்குள் கிடப்பவர்கள் அதில் அடங்கவும் இல்லை. போர்நிறுத்தத்துக்குப் பின்னும் சாவு முற்றாக நின்றுவிடவில்லை. அப்பட்டியலில் வயது என்னும் இடத்தில் சுழியம் இட்ட வரிகள் உள்ளன. ஓராண்டுகூட நிறையாத குழந்தைகள் அவர்கள். சுழியத்தை உலகுக்குக் கொடுத்த நாடு என்று பெருமை பேசும் நாம், அச்சுழியங்களை ஒருமுறை நிறுத்திப் படித்துப் பார்க்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

"எங்கோ கிடக்கும் காஸா" என்றார் முதல் நண்பர். அவர் தனியாகப் பேசவில்லை. காஸாவுக்காக ஆசாத் மைதானத்தில் கூட்டம் நடத்த இசைவு வேண்டி இடதுசாரிக் கட்சியினர் தொடுத்த மனுவை 2025 சூலை 25 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளியது. நம் நாட்டிலேயே எத்தனையோ தொல்லைகள் இருக்க, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடப்பதற்கு இது எதற்கு என்று நீதிபதிகள் வினவினார்கள். ஆயினும் காவல்துறையின் இசைவோடு அடுத்த மாதம் 20-ஆம் நாள் அதே மைதானத்தில் கூட்டம் நடந்தது.

நீதிமன்றத்தை மதிக்கிறேன், அக்கருத்தை ஏற்க இயலவில்லை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்பது பௌதிக விதி. கொடுமைக்கு அப்படி ஒரு விதி இருப்பதாக நான் படித்ததில்லை. இங்கிருந்து காஸா ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். முள்ளிவாய்க்கால் ஏறத்தாழ 1,400. இவ்விரண்டில் எந்தக் கல்லில் "இதுவரை அழலாம்" என்று எழுதியிருக்கிறது? அன்றியும் பாலஸ்தீனம் இந்தியாவுக்கு அயல் பொருள் அன்று. 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் திட்டத்தை ஐ.நா. சபையில் எதிர்த்து வாக்களித்த நாடு இது. 1988-இல் பாலஸ்தீன அரசை ஏற்றுக்கொண்ட நாடு இது. அதே நாடுதான் 2023 அக்டோபர் 27 அன்றும், 2025 சூன் 12 அன்றும், போரை நிறுத்தக் கோரிய தீர்மானங்களில் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. நம் பெயரால் நின்ற அந்த ஒதுக்கத்தைப் பற்றிக் கேட்பது நாட்டுப்பற்றுக்கு மாறானதா? நம் படை செய்ததைக் கேட்காததே நாட்டுப்பற்று என்றால், 1987-ஆம் ஆண்டு தீபாவளியை யார் நினைவுகூர்வது? அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை, நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியருமாக அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அங்கே மாண்டவர்களும் தமிழர்கள். கொன்ற படையின் கொடியும் நம் கொடி. கண்ணை மூடிக்கொள்ளும் பற்று இரண்டில் எதற்கும் உதவாது.

இரண்டாம் நண்பர் கூறியது பொய்யன்று. 2014 சனவரியில் மகிந்த ராஜபக்ச பாலஸ்தீனம் சென்றபோது அவருக்கு அந்நாட்டின் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது. ரமல்லாவில் ஒரு தெருவுக்கு அவர் பெயரும் இடப்பட்டது. அவர் பல்லாண்டு காலம் இலங்கையில் பாலஸ்தீன ஒற்றுமைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். படித்தபோது என் நெஞ்சும் கொதித்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள். காஸாவுக்காகக் கண்ணீர் விட்டவர் வன்னியில் எறிகணை விழும் அரசுக்குத் தலைவராக இருந்தார் என்றால், பழுது காஸாவில் இல்லை; இரண்டு அளவுகோல் வைத்திருந்த அவரிடத்தில்தான் இருக்கிறது. நாமும் இரண்டு அளவுகோல் வைத்தால் அவரோடு ஒத்துப்போகிறோமே தவிர அவரை எதிர்க்கவில்லை. விருது கொடுத்தவர் ரமல்லாவில் இருந்த அதிபர். குண்டுக்கு இரையானது ஜபாலியாவிலும் கான் யூனிஸிலும் பிறந்த குழந்தை. அந்த விருதுக் குழுவில் அக்குழந்தைக்கு வாக்கு இருந்ததா?

மற்றொன்றும் உண்டு. வன்னிப் பிள்ளைகள் எழுத்துக் கற்குமுன் கற்ற சொல் "கிபிர்". அச்சொல் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓட வேண்டும் என்பது அவர்கள் அறிந்த முதற்பாடம். கிபிர் என்பது எபிரேய மொழியில் இளஞ்சிங்கம் என்று பொருள்படும். இஸ்ரேலில் செய்த போர்விமானத்தின் பெயர். 1996 முதல் இலங்கை வான்படையில் அது பறந்தது. வன்னிக் குழந்தையும் காஸாக் குழந்தையும் ஒருவரை ஒருவர் அறியார்; ஆயினும் அவர்கள் அண்ணாந்து பார்த்து அஞ்சிய விமானங்கள் ஒரே நாட்டு வாணிபத்தோடு தொடர்புடையவை. தொடர்பு என்ன என்று கேட்ட முதல் நண்பருக்கும் இது விடையாகும்.

இறுதியாக மூன்றாம் தோழர்.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இரண்டையும் செய்தவர்கள் விடுதலைப் புலிகள். "எழுந்து போ" என்னும் அந்த ஆணை எபிரேயத்தில் இடப்படவில்லை, சிங்களத்தில் இடப்படவில்லை. தமிழில் இடப்பட்டது. கேட்டவர்களின் தாய்மொழியும் தமிழே.

தோழரே, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: நாங்கள் பேசியதில்லை. பேசாதது தவறு. முள்ளிவாய்க்காலின் துயரம் குறைந்துவிடும் என்று அஞ்சினோம் போலும். துயரம் அப்படிக் குறைவதன்று. காத்தான்குடியைச் சொல்லாத வாய் முள்ளிவாய்க்காலைச் சொல்லும்போது, கேட்பவன் "இது தன் இனத்துக்கு அழும் அழுகை" என்று அகன்றுவிடுகிறான். இரண்டையும் சொல்லும் வாய்க்குத்தான் காஸாவைச் சொல்லவும் உரிமை பிறக்கிறது. என் வாசற்படியில் உட்கார்ந்து 2009-இல் அழுத உம்மா, "உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களை என்ன செய்தார்கள் தெரியுமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அப்பெருந்தன்மைக்கு நாம் பட்ட கடன் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக நிலுவையில் கிடக்கிறது.

விஞ்ஞானம் பயிலும் என் வகுப்பினர்க்கும் ஒரு சொல். ஜனதா காலனி பெயர்க்கப்பட்டது அணு ஆராய்ச்சி நிலையத்துக்காக. அந்நிலையத்தில் பணி புரிய வேண்டும் என்பதே என் பள்ளிப் பருவக் கனவு. இன்றும் அக்கனவை நான் முற்றாக விடவில்லை. ஆகவே விஞ்ஞானம் தீது என்று பேச நான் வரவில்லை. ஆனால் ஆளில்லா விமானமும் குறி தேடும் கணிப்பொறியும் தாமாக முளைப்பதில்லை. நம்மைப் போன்றவர்கள், நாம் படிக்கும் அதே சமன்பாடுகளைக் கொண்டு ஆக்குகிறார்கள். இஸ்ரேலிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆளில்லா விமானம் செய்யும் ஆலை 2018 முதல் ஐதராபாத்தில் இருக்கிறது. நாளை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். கேட்கத்தான் வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதோடு "நான் செய்வது எங்கே போகிறது?" என்றும் கேட்போம். விடை பிடிக்காவிட்டாலும் வேலையை ஏற்க நேரலாம். எல்லோர்க்கும் மறுக்கும் வசதி இருப்பதில்லை. கேட்காமல் ஏற்பதற்கு மட்டும் நமக்குச் சாக்கு இல்லை.

ஆகவே என் வேண்டுகோளைத் திருத்தி மீண்டும் முன்வைக்கிறேன். மே 18 அன்று ஒரே கூட்டம் நடக்கட்டும். ஒரே தாளில் வன்னியும் காஸாவும் காத்தான்குடியும் யாழ்ப்பாண மருத்துவமனையும் அக்டோபர் 7-இல் மாண்ட இஸ்ரேலியக் குழந்தைகளும் எழுதப்படட்டும். முழக்கம் வேண்டா, எந்தக் கட்சிக் கொடியும் எந்த இயக்கத்தின் படமும் வேண்டா. தெரிந்த பெயர்களை வயதோடு வாசிப்போம். பெயர் தெரியாதவர்களுக்காக அதே அளவு நேரம் வாய்மூடி நிற்போம். வாசலில் ஓர் உண்டியல் வைத்து, சேரும் தொகையைக் காஸாக் குழந்தைகளின் மருத்துவத்துக்கு அனுப்புவோம். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்கு, ஐ.நா. சபையில் நம் நாடு ஏன் ஒதுங்கி நின்றது என்று கேட்டு மன்றத்தின் பெயரால் ஒரு மடல் எழுதுவோம். இதனால் போர் நின்றுவிடும் என்று நான் மயங்கவில்லை. எண்ணிக்கையில் ஓர் உயிரும் விடுபடக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்த வளாகத்தில் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதாவது தெரியட்டும்.

கூட்டத்துக்கு ஆச்சியையும் உம்மாவையும் அழைத்து வர எண்ணியிருக்கிறேன். படியேற இருவருக்கும் முழங்கால் வலி. கீழ்த்தளத்து அறையைக் கேட்டிருக்கிறேன்.

செயற்குழு வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கூடுகிறது. மறுப்பவர்களும் வாருங்கள். வாக்கெடுப்பு உண்டு.